'ரிசைட்டல்' – தமிழில் என்ன?

அன்புடையீர்,
பியானோ மேதை லிஸ்டின் வாழ்க்கை வரலாற்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை பதிப்பகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். 1840 ஜூன் 9, லண்டன் ஹானோவர் சதுக்க அரங்கில் அவர் வாசித்த நிகழ்ச்சிக்கு 'ரிசைட்டல்' என்று விளம்பரம் செய்தார்கள். அதுவரை பியானோக்காரர் மேடையேறினால் பாடகர், வயலின், வாத்தியக் குழு என்று ஒரு படையே கூட வரும். இவர் ஒற்றை ஆளாக வாசித்தார். நடுநடுவே மேடையிலிருந்து இறங்கி அவையினரோடு பேசிவிட்டு மறுபடி ஏறினார். வெறும் 'கச்சேரி' என்றால் இந்தப் புதுமை தெரியாது. ஒரு சொல் தாருங்கள்.
– ர.

'ஓதல்'. மனப்பாடமாகச் சொல்வதுதான் மூலச் சொல்லின் பொருள். லிஸ்டும் தாளைப் பார்க்காமல் வாசித்தவர். ஓதுவார் இருக்கும் மொழியில் வேறு சொல் எதற்கு?
– ந. க.

ஓதுவார் வாயால் ஓதுகிறார், ஐயா. பியானோவில் எப்படி ஓதுவது என்று லண்டன்காரர்களே அன்று கேட்டார்களாம். 'தனிக்கச்சேரி' போதும்.
– மீ.

'கச்சேரி' உருதுவழி வந்தது. தாலுகா கச்சேரியில் பட்டா வாங்கலாம், இசை எதற்கு? சிலப்பதிகாரத்தின் கானல்வரியைப் பாருங்கள்: 'பண்ணல் பரிவட்டணை ஆராய்தல் தைவரல் செலவு விளையாட்டு கையூழ் குறும்போக்கு'. யாழ் வாசிப்பில் 'செலவு' இருக்கிறது. செலவு என்றால் பயணமும்தான், தலைவன் பிரிந்து போகாமல் தயங்கி நிற்கும் 'செலவழுங்கல்' நினைவிருக்கும். 1839 முதல் 1847 வரை ஊர் ஊராகப் போய் வாசித்தவருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்?
– ந. க.

'லிஸ்ட் லண்டனில் செலவு நிகழ்த்தினார்' என்று அச்சானால் வாசகர் கணக்குப் புத்தகத்தைத் தேடுவார். ஒரு விதத்தில் சரிதான்: 1840–41 பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் ஏற்பாட்டாளர் லவெனுவுக்குப் பெருநட்டம், லிஸ்ட் தன் ஊதியத்தையே விட்டுக்கொடுத்தார்.
– மீ.

மிருதங்கக்காரன் சார்பில் ஒரு சொல். 'தனி' என்றால் சபாவில் தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனியாவர்த்தனம். பாதிப் பேர் கேண்டீனுக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம், நம் கச்சேரியில் பக்கவாத்தியம் இல்லாமல் யார் பாடுகிறார்கள்? லிஸ்டே திணறியிருக்கிறார். லண்டனுக்கு முந்தைய ஆண்டு ரோமில் இப்படித் தனியாக வாசித்துவிட்டு, 'இசைத் தனிமொழி' என்ற பொருளில் ஒரு பெயரைக் கடிதத்தில் எழுதி, இதற்கு வேறென்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை என்றார். அதையே எடுத்துக்கொள்ளலாமே?
– ச.

அழகாக இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் 'இன்று இசைத் தனிமொழி' என்று போட்டால் நாடகம் என்று நினைத்துவிடுவார்கள்.
– மீ.

அனைவருக்கும் நன்றி. 'தனிக்கச்சேரி' என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'இசைத் தனிமொழி'யையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த இயல் வைமார், ஜெர்மனியில் லிஸ்ட் பாடம் நடத்திய ஊர். மாணவர்கள் இசைத்தாள்களைப் பியானோமேல் அடுக்கி வைப்பார்கள். லிஸ்ட் ஒன்றை உருவி, யாருடையது என்று கேட்பார். அந்த மாணவர் உட்கார்ந்து வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். கட்டணம் கிடையாது. வியன்னாவில் அவருடைய ஆசிரியர் செர்னியும் சிறுவன் லிஸ்டிடம் வாங்கவில்லை. இந்த 'மாஸ்டர் கிளாஸ்' தமிழில் என்ன?
– ர.

'கச்சேரி'க்கு என் ஒப்புதல் இல்லை, பதிவாகட்டும். 'பயிலரங்கு' ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. தொல்காப்பியத்தைப் புரட்டிவிட்டு இரவு எழுதுகிறேன்.
– ந. க.