ஞாயிறு ஆட்டக் குழு: மூன்றாம் எண்ணா, நான்காம் எண்ணா?

பெரியப்பா (காலை 6:48)
அனைவருக்கும் வணக்கம். நேற்றிரவு நம் குளூம்ஹேவன் பலகை ஆட்டத்தின் பெட்டியை மூடிவைக்கும் முன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடலாம் என்று வைத்திருக்கும் மூன்றாம் எண் கதைக் கட்டத்தின் முதல் பத்தியை மலர் வாசித்துக் காட்டினாள்; அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் ஆடும் ஆள் இனாக்ஸ் என்ற கற்பனை இனத்தவன். கொம்பு முளைத்த அவனையே கூட்டிக்கொண்டு போய், ஓர் இனாக்ஸ் முகாமுக்குள் புகுந்து, அவனுடைய இனத்தவர்களையே வெட்டிச் சாய்க்கச் சொல்வது என்ன நியாயம்?

சித்தி (காலை 7:05)
அத்தான், அது ஒரு விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் பொம்மை. முதல் நாள் மலர் முன்கதையை வாசித்தபோது, “கதை போதும், பகடையை எடு” என்று அவசரப்படுத்தியவர் நீங்கள்தான். ஏறக்குறைய 10 கிலோ கனமுள்ள அந்தப் பெட்டியில் பகடையே கிடையாது என்பது அதன் பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

நான் (காலை 7:11)
பெரியப்பா கவலைப்படுவதில் பொருள் இருக்கிறது, சித்தி. கட்ட நூலில் அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன். ஆடுபவர்களின் எண்ணிக்கையைப் போல ஐந்து மடங்கு எதிரிகளைக் கொன்றால்தான் அந்தக் கட்டம் முடியும் என்று அதில் போட்டிருக்கிறது. நாம் நான்கு பேர் என்பதால் 20 பேரைக் கொல்லவேண்டும்.

மலர் அக்கா (காலை 7:40)
அப்பா, முன்கதையின்போது நீங்கள் கண்ணயர்ந்துவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டு வெளிவந்த இந்தக் குளூம்ஹேவனை ஐசக் சில்ட்ரெஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்தார். மொத்தம் 95 கட்டங்கள். நாம் ஸ்லீப்பிங் லயன் என்ற மதுக்கூடத்தில் வேலை தேடி உட்கார்ந்திருக்கும் கூலிப்படையினர். வால்ராத் இனத்தைச் சேர்ந்த ஜெக்சரா என்ற வணிகப் பெண் அங்கே வந்து, களவுபோன ஆவணங்களை மீட்டுத் தரும்படி நம்மை அமர்த்தினாள். அதற்காகத்தான் முதல் இரண்டு கட்டங்களில் கொள்ளையர்களோடும் எலும்புக்கூடுகளோடும் மோதினோம். இப்போது அவளே இனாக்ஸ் முகாமுக்கும் நம்மை அனுப்பப் பார்க்கிறாள். நாம் யாருக்காக வேலை செய்கிறோம் என்று இதுவரை ஒருவரும் கேட்காமல் இருந்தோம். முதல் முறையாக நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

சித்தி (காலை 8:02)
எனக்கு ஒரே குறைதான். கதை இருக்கட்டும், ஆனால் ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுப் பத்திபத்தியாக வாசிக்கும் கதை எனக்கு வேண்டாம். அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்தவளுக்கு மலைத்தொடர்களின் பெயரெல்லாம் எதற்கு?

நான் (காலை 8:15)
அதில் சித்தி சொல்வதே சரி. என் நண்பன் வீட்டில் ஹீரோகுவெஸ்ட் ஆடியிருக்கிறேன். 1989இல் மில்டன் பிராட்லியும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆட்டம் அது. அதன் தீய மந்திரவாதிக்கு இங்கிலாந்துப் பதிப்பில் மோர்கார் என்று பெயர். அமெரிக்கப் பதிப்பில் அவனே சார்கான் ஆகிவிட்டான். அந்தப் பெயர் மாற்றத்துக்காக ஓர் அறையையோ ஒரு பொறியையோ இடம் மாற்றவேண்டிய தேவை ஏற்பட்டிருக்காது. அங்கே கதை ஒரு சுவர்ப்பூச்சு. சுரண்டி எடுத்தாலும் சுவர் நிற்கும்.

மலர் அக்கா (காலை 8:31)
ஆனால் இதில் அப்படிச் சுரண்டி எடுக்க முடியாது, தம்பி. கதையின் பெரும்பகுதி வாசிக்கும் பத்திகளில் இல்லை, கையிலிருக்கும் அட்டைகளில் இருக்கிறது. கருவிகளைச் செய்து குவிக்கும் டிங்கரருக்கு 12 அட்டைகள். என் மந்திரக்காரி ஸ்பெல்வீவருக்கோ வெறும் 8. அட்டைகள் தீர்ந்தால் ஆள் களைத்து விழுந்துவிடுவான் என்பதால், அந்த எண்ணிக்கைதான் அவரவர் மூச்சு. நான் முதல் கட்டத்தில் நெருப்பு மந்திரங்களை அள்ளி வீசிவிட்டுச் சோர்ந்து நின்றபோது, இழந்த அட்டைகளையெல்லாம் ஒரே மூச்சில் திரும்பத் தரும் அட்டை ஒன்று என்னிடம் இருந்தது நினைவிருக்கிறதா? தன்னையே எரித்துக்கொண்டு மீண்டும் எழுகிறவள் அவள் என்பதை அதுவரை எந்தப் பத்தியும் எனக்குச் சொல்லவில்லை. சித்திக்குப் பிடித்த ஓக் மரக் கோயிலும் அப்படித்தான். 10 பொற்காசு காணிக்கை போட்டால், தாக்குதலின் பலனைத் தீர்மானிக்கும் உங்கள் சீட்டுக்கட்டில் ஆசி அட்டைகள் இரண்டு சேர்கின்றன.

சித்தி (காலை 8:36)
அது உண்மை. நேற்று அந்த ஆசி அட்டை சரியான நேரத்தில் வந்து அடியை இரட்டிப்பாக்கியபோது நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உண்டியலில் போட்ட காசுக்கு இவ்வளவு உடனடியாகப் பதில் வந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பெரியப்பா (காலை 9:20)
விதிநூலை இப்போது பொறுமையாக வாசித்து முடித்தேன். இனாக்ஸ்களை நாகரிகம் அறியாத முரடர்களாக அது அறிமுகப்படுத்துகிறது. ஓர் இனம் முழுவதையும் இப்படி ஒற்றை வரியில் அடக்கிவிட்டு, அதே இனத்து ஆள் ஒருவனை என் கையில் கொடுத்து, அவனுக்குப் புரூட், அதாவது விலங்கு, என்று பட்டமும் சூட்டியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு மாணவன் இப்படி எழுதிக் கொண்டுவந்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

மலர் அக்கா (காலை 9:34)
நீங்கள் சுழித்த இடத்தைப் பலரும் சுழித்திருக்கிறார்கள், அப்பா. அதனால்தான் இதன் தொடர்ச்சியான ஃப்ராஸ்ட்ஹேவனை உருவாக்கும்போது, இனங்களைச் சித்திரிக்கும் முறையைத் திருத்துவதற்காக ஜேம்ஸ் மெண்டெஸ் ஹோட்ஸ் என்ற பண்பாட்டு ஆலோசகரைச் சில்ட்ரெஸ் சேர்த்துக்கொண்டார். குளூம்ஹேவனின் இரண்டாம் பதிப்பில் உங்கள் ஆளுக்கு இப்போது புரூசர் என்று பெயர். அடிதடிக்காரன் என்றால் அது தொழில். விலங்கு என்றால் அது பிறப்பைச் சொல்வதாகிவிடுகிறது. ஆனால் நம்மிடம் இருப்பது பழைய பதிப்பு.

நான் (காலை 9:41)
ஒரு வழி இருக்கிறது. நகரத்துக்குத் திரும்பியிருக்கும்போது புதிய ஆளைத் தொடங்க விதி இடம் தருகிறது. பெரியப்பா இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் இனாக்ஸை மதுக்கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, பாறை உடம்புக்காரனான கிராக்ஹார்ட்டை எடுத்துக்கொள்ளலாம். அவனுக்கு 11 அட்டைகள், உங்கள் ஆளைவிட ஒன்று கூடுதல்.

பெரியப்பா (காலை 9:58)
வேண்டாம், தம்பி. கூட்டாளிகள் தன் ஊரைக் கொளுத்தப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே மதுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவனை, அதற்கு அடுத்த வாரம் நான் எந்த முகத்தோடு கையில் எடுப்பேன்?

சித்தி (காலை 10:10)
சோறு வெந்துவிட்டது, இனி நிதானமாகவே எழுதுகிறேன். இரண்டாம் கட்டம் முடிந்ததும் வரைபடத்தில் நாம் ஒட்டியவை இரண்டு ஸ்டிக்கர்கள் அல்லவா? நான்காம் எண்ணைக் கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டேன் என்று மலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாளே, அதுவும் இப்போது திறந்துதான் இருக்கிறது. அது ஏதோ சமாதிக் குகை. என் எலிக்காரி மைண்ட்தீஃபுக்கு இருட்டான இடம்தான் ஒத்துவரும். ஜெக்சராவிடம் இந்த வேலை எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கே போவோம்.

மலர் அக்கா (காலை 10:14)
போகலாம். மூன்றாம் எண்ணை ஆடியே தீரவேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. புறப்படும் முன் நகர நிகழ்வு அட்டை ஒன்றை எடுக்கவேண்டும். அதில் தரப்படும் இரண்டு வழிகளில் ஒன்றைச் சொன்ன பிறகுதான் பின்பக்கத்தைத் திருப்பலாம் என்பதை இந்த முறையாவது சித்தி மறக்கக்கூடாது.

சித்தி (காலை 10:16)
சென்ற முறை காற்றில் தானாகத்தான் திரும்பியது. இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை நான்காம் எண்ணின் முன்கதையை நானே வாசிக்கிறேன். மலர் வாசித்தால் அத்தான் தூங்கிவிடுகிறார்.

பெரியப்பா (காலை 10:25)
இனித் தூங்கமாட்டேன். மலர், நாம் போகாமல் விட்ட பிறகு அந்த முகாமுக்கும் ஜெக்சராவுக்கும் என்ன ஆகிறது என்பதை நீ முன்னதாகவே வாசித்துவைத்திருந்தால், அருள்கூர்ந்து இந்தக் குழுவில் எழுதிவிடாதே.