பொருள்: பூச்சு அடிக்காத பித்தளைக்கு ஒரு சொல் (அவசரம்)

கீழக்கரையிலிருந்து:
வாப்பாவின் கடைக்குப் பித்தளைக் கைப்பிடி, தாழ்ப்பாள், குழாய் விலைப்பட்டியல் தமிழில் போடுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். லேக்கர் (கண்ணாடி மாதிரித் தெரியும் பாதுகாப்புப் பூச்சு) அடித்தது, பிவிடி (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் மெல்லிய பூச்சு) இரண்டையும் அப்படியே எழுதிவிட்டேன். சிக்கல் மூன்றாவது: எதுவும் அடிக்காமல் விடுவது. கை படப்பட, காற்று படப்பட நிறம் மாறும். கம்பெனிக்காரர்கள் 'லிவிங் ஃபினிஷ்' என்கிறார்கள். 'உயிருள்ள மெருகு' என்று எழுதினேன். "ராத்திரி எழுந்து நடக்குமா?" என்றார் வாப்பா.

மண்டபத்திலிருந்து:
'பூச்சில்லாப் பித்தளை'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும். 'ப்' போட மறக்காதீர்கள் தம்பி.

தேவிபட்டினத்திலிருந்து:
பூச்சி இல்லாத பித்தளை என்றுதான் படிப்பார்கள், ஐயா. 'மாறுமெருகு' எப்படி? வினைத்தொகை. மாறிய, மாறுகிற, மாறும், மூன்றும் அடக்கம்.

மண்டபத்திலிருந்து:
மெழுகு, மெருகு இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் நெடுநாள் எண்ணம். மெழுகுவது மேலே பூசுவது. பூசாததற்கு மெருகு ஏது? பழைய சொல்லே இருக்கிறது: களிம்பு, அதாவது செம்பில் ஏறும் பச்சைக் கறை. செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் கூடவே பிறந்தது என்பார்கள் சைவ சித்தாந்திகள். பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதானே? 'களிம்புறு பித்தளை' என்க.

தொண்டியிலிருந்து:
என் வகுப்பில் களிம்பு என்றால் சிரங்குக்குத் தடவுவது. அப்புறம், ழகரம் ரகரமானதற்கு இன்னொரு சான்று தாருங்கள் ஐயா.

பாம்பனிலிருந்து:
சொல் எதுவானாலும் சரி, உள்ளதைப் பட்டியலில் போடுங்கள். என் வாசல் கைப்பிடி லேக்கர் அடித்தது. சாவி உரசி ஒரே ஒரு கீறல். அதன் வழியே உப்பு இறங்கி, பூச்சுக்கு அடியில் கறுப்பு வேர்விட்ட மாதிரி படர்ந்துவிட்டது. மேலே எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பூச்சைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புளி வேலை செய்தது. கொல்லைக் குழாய்க்குப் பூச்சே கிடையாது. பழுப்பேறி, இடுக்கில் பச்சை கட்டி நிற்கிறது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மரைப் பக்கம் இளஞ்சிவப்பு தெரிந்தால் ஏமாறாதீர்கள். துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் சல்லடையாக நிற்கிறது என்று அர்த்தம். குழாயை மாற்ற வேண்டியதுதான்.

தேவிபட்டினத்திலிருந்து:
லேக்கரை மட்டும் ஏன் விட்டோம்? 'அரக்கு' என்று வைக்கலாமே.

மண்டபத்திலிருந்து:
அரக்கு பூச்சி தருவது. இன்று அடிப்பதோ அக்ரிலிக் மாதிரிச் செயற்கைப் பிசின்.

தொண்டியிலிருந்து:
ஆக, பூச்சி இல்லாதது அதுதான்.

கீழக்கரையிலிருந்து:
வியாழன் இரவு பதினொன்று. மாறுமெருகுக்கு நாலு பேர், பூச்சில்லாவுக்கு மூன்று பேர், களிம்புக்கு ஐயா மட்டும். கடைசியில் கல்லாவில் இருக்கும் காக்காவிடம் கேட்டேன். "வெறும் பித்தளைன்னுதானே கேட்டு வாங்குறாங்க?" என்றார். 'வெறும் பித்தளை, நிறம் மாறும்' என்று அனுப்பிவிட்டேன். பாம்பன் அண்ணன் சொன்ன இளஞ்சிவப்பு சமாச்சாரத்தையும் அடியில் சேர்த்திருக்கிறேன்.

மண்டபத்திலிருந்து:
வெறும் என்றால் ஒன்றுமில்லாதது. காசு கொடுத்து வாங்குகிறவனிடம் சொல்லும் சொல்லா இது? ழகரச் சான்று மூன்று கிடைத்திருக்கிறது, தனி மடலில் வருகிறேன்.