டர்பனில் ஆசிரியராக இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணி மதுரையிலிருந்து வந்து, இங்கே ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருக்கிறார். போன வாரம் ஒரு ஜூலு பையன் மணிக்கட்டில் முடியோடு ஆட்டுத்தோல் பட்டை கட்டி வந்திருக்கிறான். தோல் சரியாகக் காயாததால் வாடை வேறு. கழற்றிவிட்டு வா என்று அண்ணி சொல்ல, அவன் தலையைக் குனிந்தபடி பேசாமல் நின்றிருக்கிறான். அதைத் திமிர் என்று நினைத்துவிட்டார். பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவதுதான் ஜூலு மக்களிடம் மரியாதை. வேலைக்குச் சேரும்போதே இதையெல்லாம் யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டாமா? மறுநாள் பையனின் அம்மா பள்ளிக்கு வந்து அழுதுவிட்டாராம். அவன் இப்போது சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொண்டே உட்காருகிறான்.

அந்தப் பட்டைக்கு இசிபான்ட்லா என்று பெயர். முன்னோர்களுக்குப் பலியிட்ட ஆட்டின் தோலில் கட்டுவது. தானாக அறுந்து விழும்வரை விட்டுவிடுவார்கள். காவடிக்குக் கட்டிய காப்பை நாம் நடுவில் அறுப்போமா?

டர்பனில் நம் தமிழ் மாணவி ஒருத்தி மூக்குத்தியோடு பள்ளிக்கு வரக்கூடாது என்று தடுத்த வழக்கில், 2007-ல் அரசியல் சட்ட நீதிமன்றமே அவள் பக்கம் தீர்ப்பு சொன்னது. அந்த நியாயம் இந்தப் பையனுக்கும் உண்டுதானே.

அண்ணி அந்த அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க நினைக்கிறார். வீட்டுக்கே போகலாமா, பள்ளியில் வைத்துப் பேசுவதுதான் முறையா? ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாமா? சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் ஜூலு நன்றாகப் பேசுகிறவர்கள் யாராவது கூட வர முடிந்தால், தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.