1930 புகார், கணக்கு முடக்கம்: நாடு முழுக்க ஒரே படிவம் வேண்டுமா?

ரேவதி: போன மாதம் போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் வந்து, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி அப்பாவிடம் 4 லட்சத்து 80 ஆயிரம் பறித்துவிட்டார்கள். உடனே இணைய நிதி மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தோம். அதற்குள் பணம் 6 கணக்குகளுக்குப் பிரிந்துவிட்டது. ஒரு வங்கி நிறுத்தியது. இன்னொரு வங்கி, பரிவர்த்தனை எண்ணை வேறு மாதிரி அனுப்பச் சொன்னது. அந்த இடைவெளியில் ஏடிஎம்மில் எடுத்துவிட்டார்கள். மத்திய உள்துறை 2021-லேயே வங்கிகளையும் மாநிலக் காவல்துறைகளையும் ஒரே தளத்தில் இணைக்கத் தொடங்கியது. கணக்கை முடக்கச் சொல்லி காவல்துறை வங்கிக்கு அனுப்புவதில் என்ன தகவல், எந்த வடிவில், எத்தனை மணி நேரத்துக்குள் என்பதும் ஒரே படிவமாக வேண்டும்.

மளிகை வேலன்: தங்கச்சி, அப்பாவுக்கு நடந்தது கொடுமை. ஆனா எனக்கு நடந்ததையும் கேளுங்க. யாரோ என் கடை க்யூஆர்ல 640 ரூபாய்க்கு அரிசியும் எண்ணெயும் வாங்கியிருக்கார். அது மோசடிப் பணமாம். மொத்தக் கணக்கையும் முடக்கிட்டாங்க. சரக்குக்காரருக்குக் குடுக்க வேண்டிய பணம் உள்ளே கிடக்கு. வங்கியில காட்டின தாள்ல ஒரு புகார் எண், ஒரு வெளிமாநிலத்தின் பேர், அவ்வளவுதான். ஒரே படிவம் வந்தா இந்த அநியாயம் இன்னும் வேகமாத்தான் நடக்கும்.

கணக்கர் சுந்தரம்: 27 வருடம் வங்கியில் இருந்தேன். வேலன் சொல்வதை ஏற்கமாட்டேன். 10 லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனை விவரங்களை, சந்தேகப் பணத்தைக் கண்காணிக்கும் டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு வரையறுத்த வடிவத்தில் அனுப்புவோம், சிக்கலே வராது. காவல் நிலையக் கடிதங்கள்தான் ஸ்கேன் செய்த தாளாக வரும். ஒருமுறை 3 என்பது 8 போலத் தெரிந்து, சம்பந்தமே இல்லாத ஒருவர் கணக்கை நிறுத்திவிட்டோம். அவர் மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு. இன்றும் மனசு உறுத்துகிறது. படிவம் இல்லாததால் வந்த தவறு அது.

மளிகை வேலன்: சரி சார். அப்போ தகராறுத் தொகைன்னு ஒரு கட்டம் வைங்க. அது காலியா இருந்தா படிவமே போகக்கூடாது. சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினாப் போதும்னு கேரள உயர் நீதிமன்றம் 2023-லேயே சொல்லியிருக்கு. அதிகாரி பேர், போன் நம்பர், முடக்கம் முடியும் தேதியும் வேணும்.

ரேவதி: தொகை சரி அண்ணே. தேதிக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். விசாரணை முடியுமுன் கெடு தீர்ந்தால் அந்தப் பணமும் போய்விடும்.

மளிகை வேலன்: 90 நாள்னுகூட போடுங்க, தேவைப்பட்டா காரணம் எழுதி நீட்டிக்கட்டும். ஆனா அந்தத் தேதி தாள்ல இருக்கணும். என் கணக்கு முடங்கி இன்னிக்கு 19-வது நாள். அந்த வெளிமாநில போலீஸ்ல போனை எடுக்கிற ஒருத்தரைக்கூட என்னால இன்னும் கண்டுபிடிக்க முடியலை.