பிக்கப்புக்குப் பத்து பிளை டயர் போடலாமா?

உசிலைப் பிக்கப்: ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றி மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இறக்குகிறேன், வாரம் நாலு நடை. ஒரே வருடத்தில் இரண்டு பின் டயர் சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) கிழிந்துவிட்டது. இருப்பது 8 பிளை (டயரின் பலத்தைக் காட்டும் அடுக்கு எண்), லோடு எண் 104/101. கனமான ரிம்மோடு 10 பிளை, 112 டயருக்கு மாறலாம் என்று இருக்கிறேன். மாற்றியவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் சல்லி வண்டி: மாத்துங்கண்ணே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குவாரி ரோட்டில் எட்டு பிளையைக் கல் கிழித்துப் போட்டுவிடும். பத்து பிளை போட்டு ஒன்றேகால் வருடம் ஆகிறது. பஞ்சர் இரண்டே இரண்டு, இரண்டும் ஆணி.

கப்பலூர் பட்டறை: கல்லுக்காக என்றால் சரி. லோடுக்காக என்றால் கணக்குப் பாருங்கள். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120. (101 இரட்டைச் சக்கரத்துக்கு, உங்களுக்கு வேண்டாம்.) பின்னால் 1,800 கிலோ தாங்கியது 2,240 தாங்கும். ஆனால் கமான் பட்டை, ஆக்சில், பிரேக்? டயர் மாற்றினால் ஆர்.சி.யில் உள்ள எடை கூடிவிடாது.

மேலூர் சல்லி வண்டி: ஆர்.சி. எடைக்கு ஏற்றினால் டீசல் காசுகூட மிஞ்சாது. பட்டறையில் உட்கார்ந்து பேசுவது சுலபம்.

கப்பலூர் பட்டறை: தம்பி, 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு. அதை விடுங்கள். போன மாதம் ஒரு வண்டி வந்தது. புது பத்து பிளை, பழைய ரிம். தினமும் காலையில் காற்று இறங்கியிருக்கும், பஞ்சரும் இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் வெல்டிங் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி. துருவைச் சுரண்டினால் விரல் நீளத்துக்கு விரிசல். டயர் தாங்கியது, ரிம் தாங்கவில்லை.

மேலூர் சல்லி வண்டி: அவர்தான் ரிம்மையும் மாற்றுகிறேன் என்கிறாரே!

நிலக்கோட்டைப் பூ வண்டி: நானும் கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பத்து பிளை போட்டேன். மல்லிகை என்ன கனமா இருக்கும்? டயரில் எழுதியிருந்தபடி முழுக் காற்று வைத்ததில் வண்டி பந்து மாதிரி துள்ளியது. வாடிப்பட்டிப் பக்கம் மழையில் பிரேக் அடித்தபோது பின்பக்கம் அப்படியே ஒதுங்கியது. உயிரே போய்விட்டது.

மேலூர் சல்லி வண்டி: அக்கா, பூ வண்டிக்கு எதற்குப் பத்து பிளை?

நிலக்கோட்டைப் பூ வண்டி: அதை விற்றவரிடம் கேளுங்கள்.

கப்பலூர் பட்டறை: உசிலைத் தம்பி, எவ்வளவு காற்று வைக்கிறீர்கள்? எடைமேடையில் பின் சக்கரத்தை மட்டும் நிறுத்திப் பார்த்தீர்களா?

உசிலைப் பிக்கப்: இன்று பார்த்தேன், 1,960 கிலோ. காற்று 45 பி.எஸ்.ஐ. வெயிலில் கூட வைத்தால் வெடிக்கும் என்று பஞ்சர் கடையில் சொன்னார்கள்.

கப்பலூர் பட்டறை: அதுதான் சங்கதி! லோடைத் தாங்குவதே காற்றுதான். குறைந்தால் சைடுவால் மடங்கி மடங்கிச் சூடேறும், அப்புறம் அங்கேதான் கிழியும். 45 காற்றில் பத்து பிளை போட்டாலும் இதே கதைதான். சைடுவாலில் என்ன எழுதியிருக்கிறது?

உசிலைப் பிக்கப்: முழு லோடுக்கு 65.

கப்பலூர் பட்டறை: காலையில் வண்டி எடுக்கும் முன்னால் வையுங்கள். ஓடிச் சூடான டயரில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். லோடையும் குறையுங்கள்.

மேலூர் சல்லி வண்டி: காற்று விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. கல்லுக்குப் பத்து பிளைதான், அதில் மாற்றமில்லை.

உசிலைப் பிக்கப்: எனக்குத் தார் ரோடுதானே. இந்த வாரம் 65 வைத்து, பத்துப் பெட்டி குறைத்து ஓட்டிப் பார்க்கிறேன். மண்டிக்காரரிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.