‘ஐ ஃபீல் லவ்’ பேஸ் சத்தம்: ஃபில்டரா, டிலேயா?

பச்சைமிளகா:
டானா சம்மர் பாடிய ‘ஐ ஃபீல் லவ்’ (1977) பாட்டில் கிட்டத்தட்ட முழுக்க ஓடுகிற அந்த பேஸ் வரிசையை வைட்டல் என்ற மென்பொருள் சிந்தசைசரில் செய்து பார்க்கிறேன். ‘மூக் பேஸ்’ (மூக் என்பது பாட்டில் ஒலித்த அனலாக் சிந்தசைசர்) என்று பெயர் போட்ட பிரீசெட்கள் எல்லாம் கனமாகத்தான் இருக்கின்றன. ஆனால் பாட்டில் கேட்கிற துடிதுடிப்பு வரவில்லை. ஸ்வரங்களில் சந்தேகம் இல்லை: ஷட்ஜம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். டெம்போ 127 வைத்திருக்கிறேன். இரண்டு சா (ரம்பப்பல் அலை) ஆசிலேட்டர், 24 டெசிபெல் ஃபில்டர், யூனிசன் 4 (ஒரே நோட்டை நான்கு குரலாக அடுக்குவது), பிங்பாங் டிலே (எதிரொலி) 1/16, ஃபீட்பேக் (எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவு) 35%. எதை மாற்ற வேண்டும்? காசு கொடுத்து மூக் எமுலேஷன் வாங்கினால்தான் ஆகுமா?

ஏணிஃபில்டர்:
முதல்ல அந்த யூனிசனை எடுத்து எறிங்க ப்ரோ. நாலு குரல் டீட்யூன்ல ஒண்ணோட ஒண்ணு மோதும்போது ஒவ்வொரு நோட்டும் ஒவ்வொரு பலத்துல விழும். இந்தப் பாட்டுல எல்லா நோட்டும் ஒரே அச்சு. ஒரே ஒரு சா போதும். யூனிசன் 1, பாலிஃபனி 1, லெகாட்டோ ஆஃப். ரெண்டாவது ஆசிலேட்டர் வேண்டவே வேண்டாம்.

வைட்டல்ல ஃபில்டரை லேடர் (ஏணி) 24-க்கு மாத்துங்க. கட்ஆஃப் (ஃபில்டர் மேல்சத்தத்தை வெட்டத் தொடங்குற இடம்) 200–250 ஹெர்ட்ஸ். என்வலப் (நோட்டு எழுந்து அடங்குற வளைவு) அதை 1.5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தூக்கட்டும். அட்டாக் (எழும் நேரம்) 1 மி.செ., டிகே (அடங்கும் நேரம்) 90, சஸ்டெயின் 0, ரிலீஸ் 20. ஆம்ப் (சத்த அளவு) என்வலப்புக்கும் அதே கணக்கு, டிகே மட்டும் 110. அட்டாக்கை சுத்தமா 0-ல வச்சா அலை பாதியில தொடங்குற நோட்டெல்லாம் ‘டிக்’னு குத்தும். ஆசிலேட்டர்ல ஃபேஸ் ரேண்டம் நாப் வைட்டல்ல முழுசா திறந்தே வரும். அதையும் 0-க்கு இறக்குங்க, இல்லன்னா ஒவ்வொரு நோட்டோட முனையும் வேற மாதிரி கேட்கும்.

ரெசனன்ஸ் (கட்ஆஃப் பக்கத்துச் சத்தத்தைத் தூக்குற நாப்) 15–20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூக் ஏணி ஃபில்டர்ல ரெசனன்ஸ் ஏற ஏற அடிச்சத்தம் மெலியும், அந்த சர்க்யூட்டோட குணமே அதுதான். பாட்டுல இருந்தது மூக் மாடுலர் III P. அந்தக் குடும்பத்தோட உயிரே 904ஏ ஃபில்டர்தான். அது சரியா அமையலன்னா மத்ததெல்லாம் வெறும் அலங்காரம்.

வலதுகாது:
> மத்ததெல்லாம் வெறும் அலங்காரம்

இதை ஒப்புக்கொள்ள முடியாது. இந்தப் பாட்டைப் பொறுத்தவரை நீங்கள் அலங்காரம் என்பதுதான் கட்டடமே.

ஹெட்ஃபோனில் பாட்டைப் போட்டு வலப்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கேளுங்கள். இடப்பக்கத்தில் இருப்பது சாதாரணமான எட்டில்-ஒன்று ஓட்டம், அவ்வளவுதான். கொஞ்சம் சலிப்பாகக்கூட இருக்கும். இப்போது இடத்தை எடுத்துவிட்டு வலத்தைக் கேளுங்கள். அதே ஓட்டம், சற்றுப் பிந்தி வருகிறது. இரண்டையும் சேர்த்தால்தான் பதினாறில்-ஒன்று வேகம் பிறக்கிறது. மிக்ஸ் செய்த யூர்கன் கோப்பர்ஸ் சேர்த்த டிலே அது. சீக்வென்சர் வாசிப்பது பாதி நோட்டுகளைத்தான். மீதிப் பாதி எதிரொலி.

கேள்வி கேட்டவரின் பிழை இங்கேதான். பிங்பாங் டிலே மூல ஒலியை நடுவிலேயே விட்டுவிட்டு எதிரொலியை மட்டும் இங்கும் அங்கும் எறியும். 35% ஃபீட்பேக்கில் இரண்டாவது, மூன்றாவது எதிரொலிகள் அடுத்தடுத்த நோட்டுகளின் மேலேயே வந்து விழும். ஷட்ஜத்தின் எதிரொலி நிஷாதத்தின் மேல் ஏறினால் சேறுதான்.

தேவையானது இதுதான்: மூல ஒலி முழுக்க இடம். எதிரொலி ஒன்றே ஒன்று, முழுக்க வலம். ஃபீட்பேக் 0. 127 டெம்போவில் ஒரு தாளத்தட்டு 472.4 மி.செ., எட்டில்-ஒன்று 236.2, பதினாறில்-ஒன்று 118.1. வலப்பக்கத்துக்கு அந்த 118.1. வைட்டலுக்குள் இருக்கும் டிலேயில் இதை நேராகச் செய்ய வழியில்லை, மிக்ஸ் நாப் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். ரிக்கார்டிங் மென்பொருளில் தனி டிராக் போட்டு அங்கே செய்யுங்கள்.

ஏணிஃபில்டர்:
டிலே இல்லன்னு நான் சொல்லவே இல்லையே. எது முன்னாடி, எது பின்னாடிங்கிறதுதான் கேள்வி. டிகே 300 வச்ச ஒரு பேட்சுக்கு நீங்க சொல்ற 118 டிலேயைப் போட்டுப் பாருங்க. இடத்து நோட்டு அடங்குறதுக்குள்ள வலத்து நோட்டு ஆரம்பிச்சிடும். ஒளி விட்டு விட்டு மின்னுற மாதிரி இருக்க வேண்டியது ஒரே ஹம்மிங்கா ஆயிடும். என்வலப் 118-க்குள்ள முடிஞ்சாத்தான் உங்க வலது காதுக்கே வேலை.

வலதுகாது:
நோட்டு குட்டையாக இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அதற்கு 904ஏ எதற்கு? அது என்வலப்பின் வேலை. எந்த சிந்தசைசரிலும் இருக்கிறது. ஒரு சாதாரணச் சதுர அலை, 12 டெசிபெல் ஃபில்டர், டிகே 100, அதை இடம்-வலம் பிரித்து 118 மி.செ. தள்ளிப் போடுங்கள். கேட்பவர் இரண்டு தாளத்தட்டுக்குள் பாட்டின் பெயரைச் சொல்லிவிடுவார். அதே நேரம், அசல் மூக்கையே கொண்டு வந்து டிலே இல்லாமல் நடுவில் வாசியுங்கள். ‘ஏதோ பழைய டிஸ்கோ’ என்பார்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. கிக் மட்டும் சிந்தசைசர் அல்ல, கீத் ஃபோர்சி வாசித்த நிஜமான டிரம். அது நடுவில் விழுகிறது. தாளத்தட்டில் வரும் இடப்பக்க நோட்டைக் கிக் பாதி மூடிவிடும். வலப்பக்க நோட்டு வருவதோ கிக் விலகிய இடைவெளியில். அதனால்தான் ஒரே அளவில் வைத்தாலும் எதிரொலி தூக்கலாகத் தெரிகிறது, தாளம் முன்னே இழுக்கிறது. கிக் இல்லாமல் பேஸை மட்டும் தனியே வைத்து லெவல் முடிவு செய்யாதீர்கள்.

கட்டைவிரல்:
ரெண்டு பேருமே 127-ஐக் கல்வெட்டு மாதிரி பிடிச்சுக்கிட்டீங்க. அது மியூனிக்ல, மியூசிக்லாண்ட் ஸ்டுடியோவுல டேப்ல பதிஞ்ச பாட்டு. மூக்கை டேப்போட கட்டிப்போட்ட வித்தை ராபி வெடலோடது. ஒரு டிராக்குல துடிப்பைப் பதிஞ்சு, அடுத்தடுத்த பதிவெல்லாம் அதைப் பிடிச்சு ஓடுச்சு. அதனால லேயர்கள் தங்களுக்குள்ள இறுக்கமா இருக்கும். ஆனா உங்க கம்ப்யூட்டர் கிளிக்கோட அசல் பாட்டு கடைசி வரைக்கும் ஒட்டும்னு என்ன கட்டாயம்? அசலை ஒரு டிராக்குல போட்டு ஒப்பிடுறவங்க முதல்ல அதோட டெம்போவை ஒவ்வொரு 8 பாருக்கும் அளந்து டெம்போ மேப் போடுங்க. இல்லன்னா பேட்ச் நல்லா இருந்தும் ‘ஏதோ பொருந்தலயே’ன்னு ஃபில்டரைத் திருகிட்டே இருப்பீங்க.

டிலேயை சிங்க்ல (டெம்போவோட ஒட்டி) போடாம மி.செ.-ல போட்டு, காதால 114-க்கும் 122-க்கும் நடுவுல நகர்த்திப் பாருங்க. 118-க்குக் கீழ போனா நோட்டுகள் ஜோடி ஜோடியா சேர்ந்து குதிரை ஓட்டமா மாறும். மேல போனா சோம்பல். எனக்குப் பிடிச்சது 118-ஐவிட ஒரு மயிரிழை குறைவு.

வலதுகாது:
டெம்போ மேப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் டிலேயை மி.செ.-இல் வைத்தால் டெம்போ மேப் நகரும்போது டிலே நகராது. சிங்க்கில் 1/16 வைத்து, தேவைப்பட்டால் அதற்கு மேல் 1–2 மி.செ. கழியுங்கள்.

ஏணிஃபில்டர்:
அப்படியே ட்யூனிங் பத்தியும். ‘அனலாக் டிரிஃப்ட்’னு சொல்லி 15–20 சென்ட் (அரைச்சுரத்துல நூறுல ஒண்ணு ஒரு சென்ட்) எல்.எஃப்.ஓ. (சுருதியை மெதுவா ஆட்டுற அலை) போடுற வீடியோக்களை நம்பாதீங்க. அந்த ஆசிலேட்டருங்க சூட்டுக்கு சுருதி விலகும்கிறது நிஜம்தான். அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா பதிஞ்சு, நிறுத்தி, திரும்ப சுருதி சேர்த்துப் பதிஞ்சாங்க. அதாவது விலகலைக் கேட்க விடாம இருக்கத்தான் அவ்வளவு பாடு. நீங்க அதைப் போய் எஃபெக்டா சேர்க்குறீங்க. 0.1 ஹெர்ட்ஸ் வேகத்துல 2–3 சென்ட், அதுவே ஜாஸ்தி.

கீ டிராக்கிங் (நோட்டு ஏறினா கட்ஆஃபும் ஏறுறது) 30% வைங்க. சீக்வென்ஸ் மேல டிரான்ஸ்போஸ் ஆகுற இடத்துல கட்ஆஃப் அங்கேயே நின்னுட்டா சத்தம் மங்கும்.

கட்டைவிரல்:
அதுல எனக்கு வேற கருத்து. மாடுலர்ல ஃபில்டர் சுருதியைத் தானாப் பின்தொடராது, அதுக்குன்னு தனியா ஒரு வயர் குத்தணும். மேல போகும்போது லேசா மங்குறது பாடுற குரலுக்கு இடம் விடுது. 0-ல வச்சு முதல்ல கேளுங்க. மங்கல் உறுத்தினா மட்டும் ஏத்துங்க.

மேடைவயர்:
ஸ்டுடியோ ஹெட்ஃபோன் கதையை விட்டுட்டு மேடைக்கு வாங்க. நம்ம ஊர்ல கல்யாணக் கச்சேரி, கோவில் திருவிழான்னு எங்க போனாலும் பி.ஏ. (மேடை ஸ்பீக்கர் அமைப்பு) பெரும்பாலும் மோனோ. இடம், வலம் ரெண்டும் ஒரே கம்பியில போயிடும். அங்க உங்க டிலே தத்துவம் என்ன ஆகும்?

நோட்டு 118 மி.செ.-க்குள்ள அடங்கினா பிரச்சினை இல்லை. வெறும் பதினாறில்-ஒன்று ஓட்டமா கேட்கும், மின்னல் போயிடும், தாளம் நிக்கும். நோட்டு நீண்டு, இடமும் வலமும் ஒரே அளவில் மேலே மேலே விழுந்தாத்தான் ஆபத்து. சி ஆதாரம்னு வச்சுக்கிட்டு கணக்குப் போடுங்க. கீழ் ஜி 98 ஹெர்ட்ஸ். 118.1 மி.செ.-ல அது 11.57 சுற்று சுத்தியிருக்கும், அதாவது ஏறக்குறைய எதிர்க் கட்டம் (ஒரு அலை ஏறும்போது இன்னொண்ணு இறங்குறது). அந்த நோட்டோட அடிச்சத்தம் 6–7 டெசிபெல் இறங்கிடும். 65.4 ஹெர்ட்ஸ் சி-க்கு 7.72 சுற்று, அது 2 டெசிபெல் ஏறும். நிஷாதமும் ஏறும். ஆக, பஞ்சமம் மட்டும் பள்ளத்துல விழும். ‘ஸ்பீக்கர் சரியில்லை’ன்னு சவுண்டு காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

மோனோ மேடைக்கு நான் சொல்றது: டிலே டிராக்குல 800 ஹெர்ட்ஸ்ல ஒரு லோபாஸ் (மேல்சத்தத்தை வெட்டுற ஃபில்டர்), லெவல் 2 டெசிபெல் கம்மி. இடம்-வலம் வித்தியாசம் இல்லாத ஊர்ல பளிச்-மங்கல் வித்தியாசமாவது இருக்கட்டும்.

வலதுகாது:
மேடைக்கு அது பரவாயில்லை. ஆனால் கேள்வி அசல் சத்தம் பற்றியது. அங்கே எதிரொலியை மங்கவைத்தால் எதிரொலி எதிரொலியாகவே கேட்கும், இரண்டாவது வாத்தியமாகக் கேட்காது. இரண்டும் சம பளபளப்பு, சம அளவு. அதனால்தான் எது மூலம், எது நிழல் என்று காது தடுமாறுகிறது.

ஏணிஃபில்டர்:
இரண்டு பக்கமும் சம பளபளப்புங்கிறீங்க இல்ல, அந்தப் பளபளப்பை உண்டாக்குறது எது? நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்ற ஃபில்டர் என்வலப்.

வலதுகாது:
எந்த ஃபில்டரும் அதைத் தரும். 904ஏ தேவையில்லை என்பதுதான் என் வாதம்.

பச்சைமிளகா:
யூனிசனை எடுத்து, என்வலப் மாற்றியதிலேயே பாதி வந்துவிட்டது. ரீப்பர் என்ற ரிக்கார்டிங் மென்பொருளில் பேஸ் டிராக்கை முழுக்க இடம் தள்ளி, அதிலிருந்து இன்னொரு டிராக்குக்கு செண்ட் (ஒலியின் நகல்) கொடுத்து, ரீடிலே (ரீப்பரின் டிலே) போட்டு, அதை முழுக்க வலம் தள்ளினேன். வலப்பக்கம் சத்தமே இல்லை. மீட்டர்கூட அசையவில்லை.

கட்டைவிரல்:
செண்ட் வகையைப் பாருங்க. ரீப்பர்ல அது பழக்கத்துக்குப் போஸ்ட்-ஃபேடர், போஸ்ட்-பேன் (லெவல், இடம்-வலம் ரெண்டும் மாத்தினதுக்கு அப்புறம் எடுக்குறது). மூல டிராக்கை ஏற்கெனவே இடம் தள்ளிட்டீங்க, அதனால செண்ட்ல போறது இடச் சேனல் மட்டும். அந்த டிராக்கை வலம் தள்ளும்போது ரீப்பரோட வழக்கமான பேன் இட சேனலை அடைச்சிடும். மிச்சம் பூஜ்யம். செண்டை ப்ரீ-ஃபேடர், போஸ்ட்-எஃப்எக்ஸ்-க்கு மாத்துங்க. அதுக்கப்புறம் மூல டிராக் ஃபேடரைத் தொட்டா வலப்பக்கம் கூடவே மாறாது. அதனால ரெண்டு டிராக்கையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு, லெவலை ஃபோல்டர்ல மட்டும் மாத்துங்க.

ரீடிலேயில் மியூசிக்கல் நீளம் எட்டில்-ஒன்று கணக்குல இருக்கும், பதினாறில்-ஒன்றுக்கு 0.5. மி.செ. நீளம் 0, டிரை (மூல ஒலி) முழுசா கீழே, வெட் (எதிரொலி) 0 டெசிபெல், ஃபீட்பேக் முழுசா கீழே. டிரையை மறந்து திறந்து விட்டா வலப்பக்கமும் மூல நோட்டு கேட்கும், பேஸ் நடுவுக்கு வந்துடும், இவ்வளவு வேலையும் வீண்.

மிடி கிளிப்பை (நோட்டு வரிசையை) காப்பி பண்ணி ரெண்டாவது வைட்டலை வலப்பக்கம் ஓட்டலாமேன்னு தோணும். வேண்டாம். ரெண்டு சிந்தும் தனித்தனியா டிரிஃப்ட் ஆகும், நிழல் வேற ஆள் ஆயிடும்.

ஏணிஃபில்டர்:
வாங்கணுமான்னு கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. வேண்டாம். வைட்டலே போதும். சர்ஜ் எக்ஸ்.டி.ங்கிற சிந்தும் இலவசம்தான், அதுல வின்டேஜ் லேடர்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அதை ஒரு தரம் போட்டுக் கேளுங்க. கேட்டுட்டு, ஃபில்டர் மாத்தினா ஒண்ணும் ஆகாதுன்னு வலதுகாது சார்கிட்ட சொல்ல முடியுதான்னு பாருங்க.

வலதுகாது:
கேட்கும்போது டிலே டிராக்கை மியூட் செய்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.