ஒடியற் கூழ் கைக்குது, தண்ணியாயும் நிக்குது: மாவில பிழையோ, பக்குவத்தில பிழையோ?

சிரட்டை எழுதியது:

வணக்கம் உறவுகளே. வாற ஞாயிறு எட்டுப் பேருக்கு யாழ்ப்பாணத் தீவுப்பக்க முறையில ஒடியற் கூழ் (காய்ஞ்ச பனங்கிழங்கு மாவில மீன், நண்டு போட்டுக் காய்ச்சிறது) காய்ச்ச வேணும். போனமுறை காய்ச்சினது இரண்டு விதத்தில பிழைச்சுது. ஒண்டு, தொண்டையில நிக்கிற கைப்பு. மற்றது, மீனும் மரக்கறியும் அடியில, மேலே வெறும் புளித்தண்ணி.

செய்த விதம் இதுதான்: பாக்கெட்டில வந்த மா 250 கிராம், வெளியில "பனங்கிழங்கு மா" எண்டு மட்டும் போட்டிருந்தது. ஒருக்கால் தண்ணி விட்டுக் கலக்கி, பத்து நிமிசத்தால மேல்தண்ணியை ஊத்தினது. அந்தத் தண்ணி பால்போல வெள்ளையாப் போச்சு. பிறகு பலாக்கொட்டை, மரவள்ளி, பயித்தங்காய், மீன், நண்டு, பழப்புளி எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு அவிச்சு, கடைசியில மாவைக் கரைச்சு விட்டு அரை மணித்தியாலம் கொதிக்க விட்டது.

மாவை மாத்த வேணுமோ? என்ன மீன் போடலாம், எது கூடாது எண்டும் சொல்லுங்கோ. மிஞ்சிற மாவில பிட்டு அவிக்கலாமோ?

---

பனங்கூடல் பதில்:

உங்கட இரண்டு பிழைக்கும் முக்கிய வேர் ஒண்டுதான்: அந்தப் பத்து நிமிசம். பால்போலப் போனது கைப்பு இல்லை, மாப்பொருள். கூழைத் தடிக்க வைக்கிறது அதுதான். அது அடியில படிய முதல் ஊத்திப்போட்டியள். கைப்பு தண்ணியில ஊறி இறங்க நேரம் வேணும், அதுக்கு நேரமே குடுக்கேல்லை. ஆக, வேண்டியது வெளியில போச்சு, வேண்டாதது உள்ள நிண்டிட்டுது.

ஆனால் முதல்ல உங்களிட்ட இருக்கிறது என்ன மா எண்டு பாருங்கோ. "பனங்கிழங்கு மா" எண்டு போட்டால் இரண்டும் வரும். கிழங்கைப் பச்சையாக் கிழிச்சுக் காயவைச்சால் ஒடியல். அவிச்சுக் காயவைச்சால் புழுக்கொடியல். புழுக்கொடியல் மா தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைச்சுச் சாப்பிடுறதுக்கு, கூழுக்கு உதவாது. ஏற்கெனவே வெந்த மா திரும்பத் தடிக்காது, மணல் மாதிரி அடியில போய் இருக்கும். சோதிக்கிறது லேசு: ஒரு தேக்கரண்டி மாவை அரைக் கோப்பை பச்சைத்தண்ணியில கரைச்சுச் சின்னச் சட்டியில சூடாக்கிக் கிண்டுங்கோ. பசை மாதிரி இறுகினால் ஒடியல். கைப்பு இருக்கெண்டு சொல்லுறதால உங்கடது பெரும்பாலும் ஒடியல்தான். எண்டாலும் பார்த்திட்டுத் தொடங்குங்கோ.

கழுவுற முறை:

மாவை முதல்ல அரிச்சு, தும்பை எடுத்துப் போடுங்கோ. 250 கிராமுக்கு ஒண்டரை லீற்றர் பச்சைத்தண்ணி. சுடுதண்ணி வேண்டாம், சுடுதண்ணி பட்டால் மா கட்டி கட்டியாகி, கைப்பு கட்டிக்குள்ளேயே நிண்டிடும். கையால நல்லாக் கலக்கிப்போட்டு 40 நிமிசம் ஆட்டாமல் அசைக்காமல் வையுங்கோ. அடியில மா இறுகிப் படியும், மேல மங்கல் மஞ்சள் தண்ணி நிக்கும், அதில தும்பும் மிதக்கும். பாத்திரத்தைச் சரிச்சு அந்தத் தண்ணியை மட்டும் மெதுவா ஊத்துங்கோ. வெள்ளை கலங்கி வரத் தொடங்கின உடன நிப்பாட்ட வேணும். பிறகு புதுத்தண்ணி, திரும்ப 40 நிமிசம். மூண்டாம் தரம் மேல்தண்ணி தெளிவா நிண்டால் காணும். இராமுழுக்க ஊறப் போடாதேங்கோ, எங்கட வெக்கைக்குப் புளிச்சுப்போகும்.

இனிப் பானை. எட்டுப் பேருக்கு மூண்டரை லீற்றர் தண்ணி. தண்ணி கொதிச்ச உடன தோல் நீக்கிப் பாதியா வெட்டின பலாக்கொட்டை 20, கழுவின குத்தரிசி ஒரு கைப்பிடி. 15 நிமிசத்தால மரவள்ளி 300 கிராம், நடுநரம்பை எடுத்துச் சின்னத் துண்டா. நீலக்கோடு ஓடின கிழங்கு கூடாது. மூடியைத் திறந்தே அவியவிடுங்கோ. மரவள்ளி பாதி வெந்த பிறகு ஒரு விரல்நீளத்தில முறிச்ச பயித்தங்காய் 200 கிராம். பலாக்கொட்டையை அகப்பையின்ர விளிம்பால அமத்தினால் உடைய வேணும். அதுவரைக்கும் புளியைக் கண்ணிலயும் காட்டாதேங்கோ. புளி விழுந்தால் கொட்டையும் கிழங்கும் வேக மறுக்கும்.

உறைப்புக்குச் செத்தல் மிளகாய் 15 தொடக்கம் 20. ஊறவைச்சு, உப்பு, மஞ்சள், நாலு பல்லு உள்ளி, ஒரு தேக்கரண்டி மிளகோட அம்மியில பட்டுப்போல அரைக்க வேணும். வறுத்த கறித்தூள் போட்டால் அது கூழில்லை, தடிச்ச மீன்குழம்பு.

கடலுணவு அவிஞ்ச பிறகு அரைச்ச கூட்டை விடுங்கோ. படிஞ்ச மாவுக்கு ஒரு கோப்பை பச்சைத்தண்ணி விட்டுக் கட்டியில்லாமல் கரைச்சு, அடுப்பைக் குறைச்சு, ஒரு கையால கிண்டிக்கொண்டு மற்றக் கையால நூல்போல ஊத்துங்கோ. தடிக்கத் தொடங்கினாப் பிறகு அடிப்பிடிக்கும், அகப்பை அடியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேணும். மா விட்டு 12 தொடக்கம் 15 நிமிசம் நல்லாக் கொதிக்கட்டும். ஒரு எலுமிச்சங்காய் அளவு பழப்புளியைத் தடிப்பாக் கரைச்சு, கடைசி ஐஞ்சு நிமிசத்தில விடுங்கோ. உங்கட கூழ் நீர்த்ததுக்கு இதுவும் ஒரு காரணம்: புளியோட அரை மணித்தியாலம் கொதிச்சால் தடிச்ச மாவும் இளகிப்போகும்.

இறக்கேக்க ஒரு கைப்பிடி முருங்கையிலை. முசுட்டை இலை கிடைச்சால் அதை விட வேற வேண்டாம். அடுப்பில நிக்கேக்க கொஞ்சம் இளக்கமா இருக்கிறதுதான் பதம், ஆறினால் தானா இறுகும்.

---

ஓராமுள் பதில்:

பனங்கூடல் அண்ணை மாவைப் பற்றிச் சொன்னது சரி. மீனுக்கு நான் வாறன்.

கூழுக்குத் துண்டு மீனை விட முள்ளு மீனும் தலையும்தான் ருசி. தீவுப்பக்கம் ஆழமில்லாத, சாதாளை (கடற்புல்) படர்ந்த கடல், அதால ஓரா, ஒட்டி தாராளம். இரண்டும் கூழுக்கு ஏற்றது. ஓராவின் செட்டை முள்ளு குத்தினால் கடுக்கும், கத்தியை எடுக்க முதல் கத்தரிக்கோலால முள்ளை முழுக்க வெட்டி எறியுங்கோ. குடலை உடையாமல் எடுக்க வேணும், உடைஞ்சால் வாற கைப்பை ஒடியலில போட்டுப் பழி சொல்லக்கூடாது. விளை, கீளியும் நல்லது. பாரையின் தலை இருந்தால் அதையும் பிளந்து போடுங்கோ.

சூரை வேண்டாம். சதை உலர்ந்து கூழும் கறுக்கும். சூடை, சாளை மாதிரி எண்ணெய் மீனும் வேண்டாம், கரைஞ்சு வெடுக்கு அடிக்கும்.

எட்டுப் பேருக்கு மீன் ஒரு கிலோ, நண்டு முக்கால் கிலோ, றால் கால் கிலோ. நண்டை நாலா உடைச்சு, கால்களைத் தட்டி, செவுளை எடுத்துப்போட்டு, ஓட்டுக்குள்ள இருக்கிற மஞ்சளைப் பானைக்குள்ளேயே வழிச்சு விடுங்கோ. றாலின் தலையை எறியாதேங்கோ. இடிச்சு ஒரு கோப்பைத் தண்ணியில ஐஞ்சு நிமிசம் கொதிக்கவைச்சு, வடிச்ச தண்ணியைப் பானையில விட்டால் நிறமும் வாசமும் அதிலதான் வரும்.

போடுற ஒழுங்கு: பயித்தங்காய் பாதி வெந்த உடன மீன்தலையும் நண்டும். ஏழெட்டு நிமிசத்தால மீன். அதுக்குப் பிறகு றால். கணவாய் போடுறதெண்டால் மா விட்டுத் தடிச்ச பிறகு, இறக்க மூண்டு நிமிசம் இருக்கேக்க, அதுவும் மெல்லிய வளையமா. முதல்லயே போட்டால் றப்பர்தான். மீன் விழுந்தாப் பிறகு அகப்பையைச் சுழட்டாதேங்கோ, அடியைச் சுரண்டி மேல தூக்குங்கோ. இல்லாட்டிச் சதை பிரிஞ்சு, குடிக்கிறவரின்ர வாயில முள்ளுத்தான் வரும். சின்னப் பிள்ளையள் இருந்தால் தலையையும் முள்ளு மீனையும் வேற சட்டியில அவிச்சு, வடிச்ச தண்ணியும் உதிர்த்த சதையும் மட்டும் சேருங்கோ.

ஒண்டு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டன். மூண்டு தரம் கழுவுறது கூட. இரண்டு தரம் காணும். ஒரு சொட்டுக் கைப்பு நாக்கில தட்டாத ஒடியற் கூழ், மைதாக் கூழ் மாதிரித்தான்.

---

பனங்கூடல் பதில்:

ஓராமுள், ருசிக்கு மட்டும் எண்டால் சண்டை பிடிக்க மாட்டன். ஆனால் கழுவுறது ருசிக்கு மட்டுமில்லை. பச்சை ஒடியல் மாவை எலிகளுக்குக் குடுத்துச் செய்த ஆய்வுகளில நச்சுத்தன்மை கண்டிருக்கினம். ஊறவைச்சுத் தண்ணியை ஊத்திறதும் நல்லாக் கொதிக்க வைக்கிறதும் எங்கட சனம் சும்மா பழகின வேலை இல்லை. பழகின ஆள், நம்பின மா எண்டால் இரண்டு தரத்தோட நிப்பாட்டட்டும். கடையில வாங்கின, எப்ப இடிச்சதெண்டு தெரியாத மாவுக்கு மூண்டு தரம்தான். மாவைப் பச்சையா ருசி பார்க்கிறதும் வேண்டாம்.

---

சிரட்டை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. சோதிச்சுப் பார்த்தன், இறுகுது, ஆக ஒடியல்தான். கழுவின மா எவ்வளவு நேரம் இருக்கும்? காலமை கழுவிப் பின்னேரம் காய்ச்சலாமோ? குத்தரிசிக்குப் பதிலா வெள்ளைப் பச்சையரிசி போட்டால் என்ன?

---

கடகம் பதில்:

தங்கச்சியோ தம்பியோ தெரியாது, கேட்டதுக்குச் சொல்லுறன்.

கழுவின மா மேல ஒரு அங்குலத் தண்ணி நிக்க, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில வைச்சால் பின்னேரம் வரை பிழையில்லை. காய்ச்ச முதல் அந்தத் தண்ணியையும் ஊத்துங்கோ. வெளியில வைச்சால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம்.

பச்சையரிசி கரைஞ்சு கஞ்சியாப் போகும். அரிசி கூழைத் தடிக்க வைக்கப் போடுறதில்லை, குடிக்கேக்க பல்லில படத்தான். புழுங்கலரிசி எண்டால் முழுசா நிக்கும். காரைநகர் மொட்டைக்கறுப்பன் கிடைச்சால் விடாதேங்கோ. மழையை நம்பி விளையிற சிவப்பு நெல்லு, வேக நேரம் எடுக்கும், பலாக்கொட்டைக்கு முந்தியே போட வேணும்.

மா வாங்கிறதை விட ஒடியலாவே வாங்கி வைக்கிறது புத்தி. ஆவணி, புரட்டாசியில விழுற பழத்தின் கொட்டையைப் பாத்தியில அடுக்கி, தை மாசமளவில கிழங்கு கிண்டி, கிழிச்சுப் பனிக்காலம் முடிய வெயிலில காயவைக்கிறது. அதால மாசி, பங்குனியில வாங்கினால் புதுசு. முறிச்சால் டக்கெண்டு சத்தத்தோட உடைய வேணும். வளைஞ்சால் காய்ஞ்சது காணாது, வாங்கின மாசமே பூஞ்சணம் பிடிக்கும். நல்லாக் காய்ஞ்சதைக் காத்துப்போகாத தகரத்தில போட்டு, மாசத்தில ஒருக்கால் வெயில் காட்டினால் வண்டு வராது. வேண்டிய நேரம் இடிச்சு அரிச்சுக் கொள்ளலாம். மாவா வைக்கிறதெண்டால் உறைகுளிரில வையுங்கோ.

பிட்டுக்கும் மூண்டு தரம் கழுவின மாதான். கழுவினதைத் துணியில கட்டிப் பிழிஞ்சு, மேல ஒரு பாரம் வைச்சு ஒரு மணித்தியாலம் விடுங்கோ. பிறகு கையால உதிர்த்துப் பாருங்கோ: பிடிச்சால் பிடிபட வேணும், விட்டால் உதிர வேணும். ஒட்டினால் இன்னும் தண்ணி நிக்குது, அதை அவிச்சால் களிதான் வரும். அப்பிடி எண்டால் உலர்ந்த துணியில பரவிக் கொஞ்ச நேரம் காத்தாட விடுங்கோ, வறுத்த அரிசி மா ஒரு பிடி சேர்த்தாலும் சரிவரும். 250 கிராமுக்கு அரைமூடித் தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம் பத்து, பச்சைமிளகாய் நாலு, ஒரு கைப்பிடி முருங்கையிலை, சின்ன றாலோ நெத்தலியோ 150 கிராம். றாலை மஞ்சளும் உப்பும் போட்டுத் தண்ணி வத்தப் பிரட்டிப்போட்டுத்தான் சேர்க்க வேணும். பச்சையாப் போட்டால் அதில இறங்கிற தண்ணியே பிட்டைக் களியாக்கும்.

நீத்துப்பெட்டி (பிட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி) இருந்தால் அதில, இல்லாட்டி இட்டலிச் சட்டியில துணி விரிச்சு. அமத்தாமல் தளர்வாக் கொட்டி, நல்ல ஆவி வந்த பிறகு 20 நிமிசம். வெந்த பிட்டு நிறம் கறுத்து மண்ணிறமா வரும், அதுதான் பதம். நடுவில வெள்ளை மா தெரிஞ்சால் கிளறி விட்டு இன்னும் ஐஞ்சு நிமிசம் அவியுங்கோ.

---

ஓராமுள் பதில்:

குடிக்கிறதுக்குப் பனையோலையை மடிச்சுப் பிளா (ஓலைக் கிண்ணம்) கோலினால் நல்லது. கோலின உடன தண்ணி விட்டு ஒழுக்குப் பாருங்கோ. காய்ஞ்ச ஓலை மடிப்பில வெடிக்கும், குருத்தோலைதான் சரி. ஓலை கிடையாட்டில் சிரட்டை. உள்தும்பைச் சுரண்டி, ஒருக்கால் சுடுதண்ணியில அவிச்செடுங்கோ. பானையை அடுப்பால இறக்கிப் பத்து நிமிசம் மூடி வைச்சிட்டு வாருங்கோ, கொதிக்கக் கொதிக்க ஊத்தினால் பிளா இளகி மடிப்பு விட்டிடும்.